தோள் எதனால் நிற்கிறது?

உடுப்பிட்டியிலிருந்து வடக்கே சைக்கிளை உழக்கினால் கொஞ்ச நேரத்தில் வல்வெட்டித்துறைக் கடல் வந்துவிடும். சற்று மேற்கே திரும்பினால் தொண்டைமானாறு. 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தி முடித்தார். எடுத்த நேரம் 51 மணித்தியாலம். இவர்களைப் பற்றிப் பேசும்போது நெஞ்சுரத்தையும் மூச்சுக்கட்டையும் சொல்கிறோம். தோளை யாரும் சொல்வதில்லை. ஒரு கைக்கு நிமிடத்துக்கு 25 வீச்சு என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், 51 மணித்தியாலத்தில் ஒரு தோள்மூட்டு 76,000 தடவைக்கு மேல் சுழன்றிருக்க வேண்டும்.

அப்படிச் சுழன்ற மூட்டை எலும்பு இறுக்கிப் பிடித்திருக்கவில்லை. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றப் பெரிய விபத்து வேண்டும். தோளில் அந்த ஏற்பாடே கிடையாது. தோளை இருந்த இடத்தில் வைத்திருப்பது தசையும் நாரும்தான். தோளில் வரும் நோவில் பெரும்பங்கு இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளம்புகிறது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எலும்புக் கணக்கு சுருக்கமானது. முன்பக்கம் கழுத்துக்குக் கீழே கிடையாக ஓடும் காறை எலும்பு, முதுகுப் பக்கம் முக்கோணமாகத் தட்டையாக இருக்கும் தோட்பட்டை, மேற்கையின் புய எலும்பு, இந்த மூன்றும்தான். காறை எலும்பின் உள்முனை நெஞ்செலும்பைத் தொடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். தொண்டைக்குழியின் இரண்டு பக்கமும் சிறிய முடிச்சாகத் தெரியும். முழுக் கைக்கும் உடம்புக்கும் எலும்போடு எலும்பாக இருக்கும் தொடர்பு அந்த ஓரிடம் மட்டும்தான். தோட்பட்டை விலா எலும்புகளோடு எங்குமே மூட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. அது தசைகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கிறது.

காறை எலும்பைப் பற்றி இன்னொன்று. தாயின் வயிற்றில் கரு ஐந்து ஆறு கிழமை வளர்ந்திருக்கும்போது முதன்முதலாக எலும்பாக இறுகத் தொடங்குவது இதுதான். முழுதாக இறுகி முடிவதிலும் இதுவே கடைசி, ஏறக்குறைய 25 வயதாகிவிடும். கையை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்தும் முட்டுக்கட்டை வேலை இதற்கு. அதனால்தான் மோட்டார் சைக்கிளிலிருந்து தோள் நிலத்தில் படும்படி விழுந்தால் முதலில் முறிவது பெரும்பாலும் இதுவாக இருக்கிறது. முறியாவிட்டால் அதன் வெளிமுனையில் தோட்பட்டையோடு சேரும் சிறு மூட்டு அடி வாங்கும். அந்த மூட்டை உண்மையில் பிடித்திருக்கும் வலுவான நார்கள் சற்று உள்ளே தள்ளி, தோட்பட்டையின் முன்புறக் கொக்கி முனையிலிருந்து காறை எலும்பின் அடிப்பக்கத்துக்கு ஏறுகின்றன. அவை அறுந்தால் தோளின் உச்சியில் ஒரு புடைப்பு எழும்பி நிற்கும். பார்ப்பவருக்குக் காறை எலும்பு மேலே கிளம்பிவிட்டதுபோலத் தெரியும். நடந்தது என்னவென்றால் பிடி விட்ட கை கீழே தொங்கிவிட்டது.

இதையெல்லாம் தமிழில் படிப்பித்த ஒரு காலம் இந்தக் குடாநாட்டில் இருந்தது. உடுப்பிட்டியிலும் நிலையம் வைத்திருந்த அமெரிக்க மிஷனின் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்தார், மாணவர்களுக்கு மேலை வைத்தியமும் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கிறே எழுதிய உடற்கூற்று நூல் இங்கிலாந்தில் 1858இல் வந்தது. கிறீனின் முயற்சியில் அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்தது 1872இல். பதினான்கு வருட இடைவெளிதான். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அதே பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. கிளினிக்கில் துண்டில் எழுதித் தரும் பெயர்களும் ஆங்கிலப் பெயர்கள்தான் என்பதால், நானும் சில தசைகளை வைத்தியர் சொல்லும் பெயரிலேயே சொல்லப் போகிறேன்.

இனி முக்கிய மூட்டு. புய எலும்பின் மேல்முனை உருண்டை. தோட்பட்டையின் வெளியோரத்தில் அது வந்து பொருந்தும் இடம் ஒரு சின்னத் தட்டு. சாய்த்துப் பிடித்த தேநீர்க் கோப்பைத் தட்டில் ஒரு பெரிய தேசிக்காயை ஒட்டி நிறுத்திவைத்த கதைதான். எந்த நேரத்திலும் உருண்டையின் கால்வாசி, கூடிப்போனால் மூன்றிலொரு பங்குதான் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். தட்டின் விளிம்பைச் சுற்றி இறப்பர் போன்ற ஒரு வளையம் உண்டு. அது குழியின் ஆழத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. மூட்டு முழுவதையும் ஒரு பை மூடியிருக்கிறது. பையின் முன்பக்கமும் அடிப்பக்கமும் சில இடங்களில் தடித்து நார்களாகியிருக்கும். கையை உயர்த்தி வெளிப்புறமாகத் திருப்பினால், பந்து எறியப் போகிறவரின் கை இருக்குமே அந்த நிலையில், அடிப்பக்க நார் இறுகி உருண்டை முன்னால் நழுவாமல் தடுக்கும். கை சும்மா தொங்கும்போது இந்தப் பை தளர்ந்து, கமக்கட்டுப் பக்கம் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். அந்தத் தளர்ச்சி தேவை. அது இல்லாவிட்டால் கை ஏறாது.

கையைத் தலைக்கு மேலே முழுதாக உயர்த்துகிறோம், 180 பாகை. அதில் உருண்டை மூட்டின் பங்கு ஏறக்குறைய 120 பாகை. மிச்சம் 60 பாகையைத் தருவது தோட்பட்டை, விலா எலும்புக் கூட்டின் மேல் வழுக்கிச் சுழன்று. வீட்டில் யாரையாவது சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை மெல்ல உயர்த்தச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். தோட்பட்டையின் கீழ்முனை வெளிப்பக்கமாக நகர்ந்து கமக்கட்டை நோக்கிப் போவது நன்றாகத் தெரியும். அதை நகர்த்துபவை இரண்டு தசைகள். ஒன்று கழுத்திலிருந்து முதுகு வரை விரிந்த ட்ரபீசியஸ். சாமி காவும்போது வாகனக் கொம்பு அழுத்துவது இதன் மேல்தான். மற்றது விலா எலும்புகளிலிருந்து புறப்பட்டுத் தோட்பட்டையின் அடியில் புகுந்து அதன் உள்ளோரத்தைப் பிடிக்கும் செரேற்றஸ் அன்ரீரியர். இந்த இரண்டாவதன் நரம்பு விலாப் பக்கமாகத் தோலுக்குக் கிட்டவே இறங்குவதால் எளிதில் அடிபடும். அடிபட்டவர் சுவரில் கையை ஊன்றித் தள்ளினால் தோட்பட்டை முதுகை விட்டுப் பறந்து நிற்கும். நீச்சல்காரருக்கு ஓய்வே கொடாமல் வேலை வாங்கப்படும் தசைகளில் இதுவும் ஒன்று. கடலில் பல மணித்தியாலம் போனவர்களுக்கு முதலில் களைத்துப்போவது இழுக்கும் பெரிய தசையாக இருக்க வேண்டியதில்லை. தோட்பட்டையை ஒழுங்காக நகர்த்தும் இந்தத் தசை களைத்தாலே தோள் நோகத் தொடங்கிவிடும்.

உருண்டையைத் தட்டோடு அழுத்திப் பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைகள். நான்கும் தோட்பட்டையில் தொடங்கி, நாண்களாகித் தட்டையாகி, ஒன்றோடொன்று பின்னி உருண்டையை முன்னும் மேலும் பின்னும் மூடுகின்றன. வைத்தியர்கள் இவற்றைச் சேர்த்து ‘ரொட்டேற்றர் கஃப்’ என்பார்கள். முன்னால் சப்ஸ்கபுலாரிஸ், மேலே சுப்பிராஸ்பைனேற்றஸ், பின்னால் இன்பிராஸ்பைனேற்றஸ், அதற்கும் கீழே ரெரீஸ் மைனர். கையை உள்ளே வெளியே திருப்புவது இவற்றின் வெளிப்படையான வேலை. இதைவிடப் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாதது. தோளின் வெளிப்பக்கம் பருத்துத் தெரிகிறதே, டெல்ட்டொயிட், அது சுருங்கினால் புய எலும்பை நேரே மேல்நோக்கி இழுக்கும். அதன் போக்கில் விட்டால் உருண்டை போய்த் தோள்முனை எலும்பில் இடித்துக்கொள்ளும். அப்போது இந்த நான்கும் உருண்டையைக் கீழும் உள்ளும் அழுத்திப் பிடித்துக்கொள்வதால்தான் இடிக்க வேண்டிய எலும்பு சுழல்கிறது, கை மேலே போகிறது. பெரிய தசை பலத்தைத் தருகிறது, சின்னத் தசைகள் அச்சைப் பிடித்துக்கொள்கின்றன.

கிணற்றடியிலிருந்து நிறைந்த வாளியைக் காவி வரும்போது தோளில் எது வேலை செய்கிறது என்று கேட்டால், டெல்ட்டொயிட் என்றுதான் யாரும் சொல்வார்கள். 1959இல் தசைகளின் மின்சாரத் துடிப்பை அளந்து பார்த்தபோது அது சும்மா இருந்தது. மேற்கையின் பெரிய தசைகளும் சும்மாதான் இருந்தன. பாரத்தைத் தாங்கியது பையின் மேற்பகுதி. பாரம் கூடும்போது சுப்பிராஸ்பைனேற்றஸ் துணைக்கு வந்தது. தட்டு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உருண்டை கீழே நழுவப் பார்த்தால் வெளியே தள்ளுப்பட்டே நழுவ வேண்டும். மேற்பகுதி இறுகியிருந்தால் அதற்கு வழியில்லை. துலாவில் இறைத்த காலத்திலும் கப்பிக் கிணற்றில் அள்ளிய காலத்திலும் வீட்டுப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் காவிக்கொண்டு நடந்ததற்கு இந்தச் சின்ன ஏற்பாடு துணை நின்றது.

இந்தச் சுப்பிராஸ்பைனேற்றஸின் நாண்தான் தோளின் பலவீனமான இடம். அது தோள்முனை எலும்புக்கும் உருண்டைக்கும் இடையே, ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் ஓடுகிறது. உராயாமல் இருக்க நடுவில் வழுவழுப்பான ஒரு பை இருக்கிறது. நாண் வீங்கினாலோ பை வீங்கினாலோ இடம் போதாது. பக்கவாட்டாகக் கையை உயர்த்தும்போது தொடக்கத்தில் நோ இல்லை. தோள் மட்டத்தை அண்டும்போது பிடித்து நோகும். அதையும் தாண்டி மேலே போனால் விட்டுவிடும். உடுப்புக் காயப்போடும்போது, மேல்தட்டில் டப்பா எடுக்கும்போது, தலை இழுக்கும்போது நோகிறது என்பார்கள். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் நீர் 1972இல் தோள்முனை எலும்பு நாணை உராய்வதே காரணம் என்று விளக்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த எலும்பின் அடிப்பக்கத்தைச் சீவிவிடும் சத்திரசிகிச்சை உலகெங்கும் நடந்தது. 2018இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வு, சீவியவர்களையும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சீவாமல் மூடியவர்களையும் ஒப்பிட்டது. இரண்டு பகுதிக்கும் ஏறக்குறைய ஒரே சுகம். எலும்பைச் சீவுவதைவிடச் சோர்ந்த தசைகளுக்கு வேலை பழக்குவதே முதல் வைத்தியம் என்ற பக்கம் இன்று பலர் சாய்ந்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. பிசியோதெரபிக்குப் போனால் ஒரு துண்டு இறப்பர் நாடாவைக் கையில் தந்து இழுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று மனம் குறைப்படுகிறவர்கள் உண்டு. அந்த நாடா போய்ச் சேரும் இடம் அந்த நான்கு தசைகள்தான். நோவெண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், தடுக்க மாட்டேன். ஆனால் டெல்ட்டொயிட்டின் தடிப்பைத் தாண்டி அது நாணுக்குப் போகாது.

இழுக்கும் தசைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பனையேறுபவர் கோபிப்பார். நாரியிலிருந்து முதுகை மூடி ஏறிக் கமக்கட்டின் பின்சுவராகி, சுற்றி வந்து புய எலும்பின் முன்பக்கத்தில் முடியும் லற்றிசிமஸ் டோர்சை. கமக்கட்டின் முன்சுவரான பெரிய மார்புத் தசை. கை மேலே எதையாவது பற்றியிருக்க, உடம்பைக் கையை நோக்கி இழுத்து உயர்த்துபவை இந்த இரண்டும்தான். நீந்தும்போது நீரைப் பின்னே தள்ளுபவையும் இவையே. பனையேறும்போது காலில் மாட்டும் தளைநாரால் கால்களும் பாரத்தில் பங்கை ஏற்றுக்கொள்வதால் தோள்களுக்கு மிச்சப்படுகிறது. ஆபத்து ஏறுவதில் இல்லை, வழுக்குவதில். விழுகிறவர் ஒற்றைக் கையால் மட்டையை எட்டிப் பிடித்துத் தொங்கினால், கமக்கட்டு வழியாகக் கைக்குப் போகும் நரம்புக் கற்றையின் கீழ்ப் பகுதி இழுபட்டுக் கிழியக்கூடும். தோளில் நோவு குறைவாக இருந்தாலும் விரல்கள் மரத்து, கை எதையும் பற்ற மாட்டாமல் போனால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தோள் விலகுவதும் இந்த ஊர்களில் புதிதல்ல. உடம்பில் பெரிய மூட்டுகளில் அதிகமாகக் கழல்வது தோள்தான். விலகும்போது உருண்டை பெரும்பாலும் முன்னோக்கியே விலகுகிறது. தோளின் வட்ட வடிவம் போய்ச் சதுரமாகிவிடும், ஆள் மற்றக் கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தபடி வருவார். கமக்கட்டில் காலை வைத்துக் கையை இழுத்து ஏற்றும் முறை ஹிப்போகிராட்டஸ் காலத்திலிருந்தே உண்டு. முறிவு நெரிவுப் பரியாரிமாரில் கைதேர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் விலகலோடு முறிவும் சேர்ந்திருந்தால் வெளியிலிருந்து தடவிக் கண்டுபிடிக்க முடியாது. இழுத்தால் முறிந்த துண்டு நரம்பையோ இரத்தக் குழாயையோ வெட்டும். மந்திகை ஆதார வைத்தியசாலை தூரத்தில் இல்லை. முதலில் எக்ஸ்ரே. வைத்தியர் தோளின் வெளிப்பக்கத் தோலைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று கேட்பார். டெல்ட்டொயிட்டுக்குப் போகும் நரம்பு உருண்டையின் கழுத்தைச் சுற்றி ஓடுவதால் விலகும்போது அது நசுங்கியிருக்கக்கூடும். இளவயதில் ஒரு தடவை விலகினால் மறுபடி விலகும் வாய்ப்பு மிக அதிகம். விளிம்பு வளையமும் முன்பக்க நாரும் கிழிந்தபடியே இருப்பதுதான் காரணம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் “கையைத் தூக்கேலாமல் கிடக்கு” என்று வந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இரண்டும் வேறு வேறு நோய். வைத்தியமும் வேறு.

ஒன்று, மூட்டுப் பை தடித்துச் சுருங்கிப்போவது. தளர்ந்து மடிந்திருக்க வேண்டிய அந்தக் கமக்கட்டு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க வைத்தியர் கொட்மன் 1934இல் ‘உறைந்த தோள்’ என்று சொன்னது இதைத்தான். 40க்கும் 60க்கும் இடைப்பட்ட பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. சலரோகம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பலமடங்கு வருகிறது. ஒன்று ஆறும்போது மற்றத் தோளிலும் தொடங்கலாம். முதலில் நோ, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகுதல். எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருடம் எடுக்கும். இரண்டாவது, சுற்றுத் தசைகளின் நாண் கிழிந்து போவது. வயது ஏற ஏற நாண் தேயும். அறுபதைத் தாண்டிய பலருக்கு எந்த நோவும் இல்லாமலே கிழிந்திருக்கிறது.

வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து வைத்துக்கொண்டு, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லையென்றால் நீங்கள் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பினாலும் போகவில்லை, இடையிலேயே முட்டுகிறது என்றால் பை சுருங்கியிருக்கிறது. அவரால் கையை உயர்த்த முடியவில்லை, நீங்கள் உயர்த்தினால் தாராளமாகப் போகிறது, விட்டவுடன் தானாகவே விழுகிறது என்றால் நாணைத்தான் சந்தேகிக்க வேண்டும். முன்னதற்கு மருந்தும் பொறுமையும் நோவின் எல்லைக்குள் நீட்டும் பயிற்சியும். நோகும் கட்டத்தில் வலுவாக முறித்து இழுத்தால் இன்னும் இறுகும். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் இதில் சேர்த்தி. பின்னது விழுந்த பிறகு திடீரென்று வந்திருந்தால் கிழமைக் கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. நாளாக நாளாகக் கிழிந்த தசை கொழுப்பாகி, தைத்தாலும் பிடிக்காத நிலைக்குப் போய்விடும்.

தோளில் நோகிறது என்பதற்காக நோய் தோளில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவதால், பித்தப்பை நோய் வலத் தோள்முனையில் நோவாகத் தெரியும். இடத் தோளும் கையும் நோகும்போது வியர்வை, மூச்சு முட்டல், நெஞ்சடைப்பு சேர்ந்திருந்தால் தேய்க்கிற வேலை வேண்டாம். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். தோளை அசைத்தாலும் நோவு கூடாமல் குறையாமல் ஒரே மாதிரி இருப்பது, நோய் தோளில் இல்லை என்பதற்கு ஒரு குறிப்பு.

பாரிசவாதம் வந்து கையில் உயிரில்லாமல் கிடக்கும் ஒருவரின் தோளைத் தொட்டுப் பார்த்தால் நான் முதலில் சொன்னது புரியும். தோள்முனை எலும்புக்குக் கீழே ஒரு விரல் நுழையும் பள்ளம் இருக்கும். எலும்பு முறியவில்லை, நாரும் பையும் அறுந்துவிடவில்லை. தசைகள் பிடிக்காததால் கையின் பாரத்தில் பை மெல்ல மெல்ல நீண்டு, உருண்டை தட்டை விட்டு இறங்கிவிட்டது. வீட்டில் அவரை எழுப்புகிறவர்கள் பாசத்தோடு செய்யும் தவறு, அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது. கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்குவதும் அதே கேட்டைத்தான் செய்யும். ஒரு கையைத் தோட்பட்டைக்குப் பின்னால் முதுகில் கொடுங்கள், மறு கையை இடுப்பில் பிடியுங்கள், ஆளை முன்னால் சாயவிட்டு எழுப்புங்கள். இருக்கும்போது அந்த முன்னங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, கை தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டை போடும்போது நோயுற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும்.